டெர்மக்ஸில் சேமிப்பக அனுமதி கொடுத்த பின்னும் கோப்புகளைத் திறக்க முடியவில்லை

கேள்வி

வணக்கம். நாட்டார் வழக்காற்றியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். குஜிலி வெளியீடுகள் என்று சொல்லப்படும் மலிவு விலைச் சிறுநூல்களையும், பெரிய எழுத்துக் கதைப்பாடல் நூல்களையும் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படமெடுத்து, அவற்றை டெசராக்ட் எழுத்துணரியின் வழியே உரையாக்கி, பின்பு மெய்ப்புப் பார்த்துச் சேர்த்து வைப்பதுதான் இப்போது என் அன்றாட வேலை. என்னிடம் கணினி இல்லை. இந்த வேலை முழுவதையும் ஆண்ட்ராய்டு 11 உள்ள ஒரு கைபேசியில், லினக்ஸ் கட்டளைகளை எழுதி இயக்கும் முனையமான டெர்மக்ஸ் செயலியைக் கொண்டே செய்கிறேன். (கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். பயன்படுத்துகிறவர்களுக்கு அவை விளங்கும் என்று நம்புகிறேன்.)

இரண்டு வாரத்திற்கு முன் கைபேசியை மாற்றினேன். புதியதில் எஃப்-டிராய்டு என்ற திறமூலச் செயலிக் களஞ்சியத்திலிருந்து டெர்மக்ஸை நிறுவி, 'டெர்மக்ஸ்-செட்டப்-ஸ்டோரேஜ்' என்ற கட்டளையைக் கொடுத்தேன். அனுமதி கேட்கும் பெட்டி வந்தது, இசைவு அளித்தேன். வீட்டு அடைவுக்குள் 'ஸ்டோரேஜ்' என்ற அடைவும் அதற்குள் டிசிஐஎம், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், ஷேர்டு முதலிய பெயர்களும் வந்துவிட்டன. ஆனால் அவற்றில் எதற்குள் சென்று, இருப்பவற்றைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையைக் கொடுத்தாலும் அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தியே வருகிறது. அமைப்புகளுக்குள் சென்று பார்த்தால் சேமிப்பக அனுமதி கொடுக்கப்பட்டிருப்பதாகவே காட்டுகிறது. கைபேசியை அணைத்து மீண்டும் இயக்கியும் மாற்றமில்லை.

நான் கவலைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய கைபேசியில் ஒருமுறை செயலி திறக்காமல் நின்றபோது, மீண்டும் நிறுவினால் சரியாகிவிடும் என்று எண்ணி அதை நீக்கிவிட்டேன். மூன்று மாதம் மெய்ப்புப் பார்த்த உரைகள் அனைத்தும் அத்துடன் போய்விட்டன. படங்கள் மட்டும் கைபேசியில் அப்படியே இருந்தன. உரைகள் ஏன் போயின, படங்கள் ஏன் தப்பின என்பது எனக்கு இன்றுவரை சரியாக விளங்கவில்லை. ஆகவே, இந்த முறை கண்மூடித்தனமாக எதையாவது செய்து பார்க்காமல், சேமிப்பகம் எப்படி அமைந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு செய்ய விரும்புகிறேன். விளக்குகிறவர்களுக்கு நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம் அம்மா. முதலில் உடனடித் தீர்வைச் சொல்லிவிடுகிறேன். அமைப்புகளில் செயலிகள் பட்டியலைத் திறந்து, டெர்மக்ஸைத் தேர்ந்து, அனுமதிகள் என்ற பகுதியில் சேமிப்பக அனுமதியை ஒருமுறை மறுத்துவிடுங்கள். பின்பு அதே இடத்தில் மீண்டும் அனுமதி கொடுங்கள். அதன் பிறகு டெர்மக்ஸின் அறிவிப்பில் உள்ள வெளியேறும் பொத்தானை அழுத்தி, செயலியை முழுவதுமாக மூடித் திறங்கள். ஆண்ட்ராய்டு 11 வந்ததிலிருந்து பலருக்கும் நேர்ந்திருக்கும் சிக்கல் இது. அனுமதி கொடுக்கப்பட்டதாக அமைப்புகள் காட்டினாலும் சேமிப்பகத்தை இணைத்துத் தரும் அடுக்குக்கு அந்தச் செய்தி போய்ச் சேராமல் இருந்துவிடுகிறது. மறுத்துவிட்டு மீண்டும் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். டெர்மக்ஸுக்கு மட்டும் உரிய குறையும் அன்று இது.

இனி, நீங்கள் கேட்ட அடிப்படைக்கு வருகிறேன். உங்கள் கைபேசியில் டெர்மக்ஸுக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று அதன் சொந்த வீடு: 'டேட்டா' அடைவுக்குள் 'டேட்டா', அதற்குள் 'காம்.டெர்மக்ஸ்', அதற்குள் 'ஃபைல்ஸ்' என்று போகும் பாதை. வீட்டு அடைவான 'ஹோம்' அங்குதான் இருக்கிறது. நீங்கள் நிறுவிய டெசராக்ட், பைத்தான் முதலிய நிரல்கள் எல்லாம் அதன் பக்கத்தில் 'யூஎஸ்ஆர்' என்ற அடைவில் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிப் பயனர் எண்ணைக் கொடுத்து, ஒன்றின் தனி அடைவுக்குள் மற்றொன்று நுழையாதபடி பிரித்து வைத்திருக்கிறது. இங்கே எழுதவும் படிக்கவும் டெர்மக்ஸுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் செயலியை நீக்கினாலோ, அமைப்புகளில் 'தரவை அழி' என்பதை அழுத்தினாலோ இந்த அடைவு முழுவதும் அழிந்துவிடும். உங்கள் உரைகள் போனது இதனால்தான்.

மற்றொன்று பொதுச் சேமிப்பகம். 'எஸ்டிகார்டு' என்ற பெயரால் நாம் அழைப்பது நினைவக அட்டையை அன்று, கைபேசியின் உள்ளேயே இருக்கும் இந்தப் பொதுச் சேமிப்பகத்தைத்தான். 'ஸ்டோரேஜ்', 'எமுலேட்டட்', 'சுழியம்' என்று போகும் பாதையும் இதையே குறிக்கிறது. கேமராவின் படங்கள், பதிவிறக்கங்கள், ஆவணங்கள் எல்லாம் இங்கே இருக்கின்றன. இது எந்தச் செயலிக்கும் தனியுரிமை உள்ள இடம் அல்ல. ஆகவேதான் டெர்மக்ஸை நீக்கியபோது உங்கள் படங்கள் தப்பின.

'டெர்மக்ஸ்-செட்டப்-ஸ்டோரேஜ்' செய்வது இரண்டே செயல்கள். பொதுச் சேமிப்பகத்தைத் தொடுவதற்கான அனுமதியைக் கேட்டுப் பெறுகிறது, பின்பு வீட்டு அடைவுக்குள் 'ஸ்டோரேஜ்' என்ற அடைவை உருவாக்கி, பொதுச் சேமிப்பகத்தின் உள்ளடைவுகளைச் சுட்டும் இணைப்புகளை அதில் வைக்கிறது. அவை சுட்டிகள் மட்டுமே. நகல்கள் அல்ல. அனுமதி இல்லாமலும் சுட்டிகள் இருக்க முடியும் என்பதால்தான், பெயர்கள் தெரிந்தும் உங்களால் உள்ளே போக முடியவில்லை. இதே காரணத்தால் ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டியிருக்கிறது: சுட்டியை அழித்தால் சுட்டி மட்டுமே போகும். சுட்டியின் வழியே உள்ளே சென்று ஒரு கோப்பை அழித்தாலோ உண்மையான கோப்பே போய்விடும். முனையத்தில் குப்பைத்தொட்டி கிடையாது. ஆகவே 'ஸ்டோரேஜ்' அடைவுக்குள் நின்றுகொண்டு கோப்புகளை அழிக்கும் 'ஆர்எம்' கட்டளையை, எல்லாவற்றையும் குறிக்கும் விண்மீன் குறியுடன் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. தாங்கள் சொன்னபடி அனுமதியை மறுத்து மீண்டும் கொடுத்ததும் படங்கள் அனைத்தும் தெரிந்தன. உரைகள் ஏன் அழிந்தன என்பதும் இப்போதுதான் விளங்கியது.

அது விளங்கியதும், இனி எதுவும் வீட்டு அடைவில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்து, என் வேலை முழுவதையும் பொதுச் சேமிப்பகத்தில் உள்ள 'டாக்குமெண்ட்ஸ்' அடைவுக்கு நகர்த்திவிட்டேன். இப்போது புதிய சிக்கல்கள் எழுந்துள்ளன. படங்களை ஒவ்வொன்றாக எழுத்துணரிக்குக் கொடுக்கும் என் குறுநிரல் இயங்க மறுக்கிறது. 'சிஎச்மோட்' கொடுத்து இயக்க உரிமை சேர்த்தால், அந்தக் கட்டளை பிழையின்றி முடிகிறது. ஆனால் உரிமை சேர்ந்ததாகத் தெரியவில்லை. பைத்தான் நிரல்மொழிக்கு, அதன் தொகுப்புகளைத் தனியே வைத்துக்கொள்ளும் மெய்நிகர் சூழல் ஒன்றை அங்கே உருவாக்க முயன்றேன், இணைப்பை உருவாக்க இயலவில்லை என்ற பிழையோடு நின்றுவிட்டது. கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் களஞ்சியத்தைத் திறந்தால் உரிமையாளர் ஐயத்துக்குரியவர் என்று சொல்லி மறுக்கிறது. இவை தவிர, நினைவக அட்டையில் தோழி கொடுத்த ஸ்கேன் படங்கள் சில உள்ளன. நூலின் முழுத் தலைப்பையும் கோப்பின் பெயராக வைத்திருக்கிறார். அவற்றில் நீண்ட பெயருடையவற்றை மட்டும் கைபேசிக்கு நகலெடுக்க முடியவில்லை, பெயர் மிக நீளம் என்கிறது. அனுமதிதான் கிடைத்துவிட்டதே, பிறகும் ஏன் இப்படி?

மறுமொழி 2

அனுமதி கிடைத்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் இப்போது மோதிக்கொண்டிருப்பது அனுமதியோடு அன்று, அந்த இடத்தின் இயல்போடு. பொதுச் சேமிப்பகம் லினக்ஸ் முறைப்படி நடந்துகொள்ளும் கோப்பு முறைமை அன்று. தொடக்கக் காலத்தில் ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இந்த இடம் ஃபேட் என்ற எளிய கோப்பு முறைமையில் வடிவமைத்த அட்டையாகவே இருந்தது. பின்னர் அது கைபேசியின் உள்நினைவகத்துக்கு மாறியபோதும், செயலிகள் குழம்பாமல் இருப்பதற்காக அந்தப் பழைய இயல்பையே ஓர் இடையடுக்கு காட்டிக்கொண்டிருக்கிறது. பாதையில் 'எமுலேட்டட்' என்ற சொல் இருப்பது இதைக் குறித்துத்தான். ஆண்ட்ராய்டு 11 முதல் ஃபியூஸ் என்ற அடுக்கு இந்த வேலையைச் செய்கிறது.

இந்த அடுக்கின் பார்வையில் ஒவ்வொரு கோப்புக்கும் தனியான உரிமைக் குறிகள் இல்லை. எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே உரிமை, ஒரே உரிமையாளர் எண் என்று அதுவே தீர்மானித்துக் காட்டுகிறது. எனவே 'சிஎச்மோட்' அமைதியாக முடிந்தும் எதையும் மாற்றவில்லை. அதோடு, அந்த இடம் முழுவதும் 'நோஎக்ஸெக்' என்ற கட்டுப்பாட்டுடன் இணைக்கப்பட்டுள்ளது. அங்கிருந்து எந்தக் கோப்பையும் நேரடியாக இயக்க முடியாது. குறுநிரலின் பெயருக்கு முன்னால் 'பாஷ்' என்று சேர்த்துக் கொடுத்தால் அது ஓடும், ஏனெனில் அப்போது இயங்குவது டெர்மக்ஸின் சொந்த இடத்தில் இருக்கும், கட்டளைகளைப் படித்து இயக்கும் பாஷ் நிரலே. உங்கள் கோப்பு வெறும் உரையாகப் படிக்கப்படுகிறது. பைத்தான் நிரல்களுக்கும் இதுவே பொருந்தும்.

மெய்நிகர் சூழல் பைத்தானைச் சுட்டும் இணைப்புகளை உருவாக்க முயல்கிறது. பொதுச் சேமிப்பகத்தில் இணைப்பு என்ற ஒன்றே கிடையாது. நகலெடுக்கும் தெரிவைக் கொடுத்து இணைப்பைத் தவிர்த்தாலும் பயனில்லை, நகலெடுத்த பைத்தானை அங்கிருந்து இயக்க முடியாது. கிட்டைப் பொறுத்தவரை, 2022-இல் வந்த பாதுகாப்பு மாற்றத்திற்குப் பிறகு, களஞ்சியத்தின் உரிமையாளரும் அதைத் திறப்பவரும் வேறுபட்டால் அது மறுத்துவிடும். பொதுச் சேமிப்பகக் கோப்புகளின் உரிமையாளர் எண் டெர்மக்ஸின் எண்ணாக இருப்பதில்லை. அந்த அடைவு நம்பத்தக்கது என்று கிட்டின் அமைப்பில் சேர்த்துவிட்டால் திறக்கும். ஆனால் கோப்புகளின் உரிமைக் குறிகள் மாறிவிட்டதாக அது காட்டத் தொடங்கும், அதையும் அணைத்து வைக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகச் சரிக்கட்டிக்கொண்டே போகலாம். ஆனாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். களஞ்சியத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட பெயர்ச் சிக்கல் தமிழில் பெயர் வைக்கிற நம்மைத்தான் அதிகம் தாக்குகிறது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். கைபேசியின் உள்நினைவகத்தில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியேற்ற முறையில் மூன்று பைட்டுகள். அதிலும் நம் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது பல இடங்களில் இரண்டு குறிகள்: 'மி' என்பது மகரமும் இகரக் குறியும், 'ழ்' என்பது ழகரமும் புள்ளியும். 'தமிழ்நாடு' என்ற ஐந்தெழுத்துச் சொல்லில் ஒன்பது குறிகள், 27 பைட்டுகள். ஆகவே முழுவதும் தமிழில் எழுதப்பட்ட ஒரு பெயரில் அதிக அளவாக 85 குறிகளே அடங்கும், கோப்பின் வகையைச் சொல்லும் ஒட்டும் இதற்குள்தான் வர வேண்டும். நினைவக அட்டை பெரும்பாலும் ஃபேட் அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கும். அங்கே எல்லை 255 பைட்டுகள் அல்ல, யூடிஎஃப்-16 அலகுகளில் 255. ஒரு தமிழ்க் குறிக்கு ஓர் அலகு போதும். அட்டையில் இடம்பெற்ற பெயர் கைபேசியில் இடம்பெறாமல் போனது இந்த வேறுபாட்டால்தான். பழைய கதைப்பாடல் நூல்களின் தலைப்புகளோ ஒரு பத்தி அளவுக்கு நீளும் என்பது உங்களுக்கே தெரியும். கோப்புக்கு ஓர் எண்ணைப் பெயராக வைத்து, எண்ணையும் முழுத் தலைப்பையும் ஓர் அட்டவணைக் கோப்பில் எழுதி வையுங்கள். தலைப்பைச் சுருக்குவதைவிட இது நேர்மையான வழி என்பது என் கருத்து, ஏனெனில் நூலின் தலைப்பும் உங்கள் ஆய்வுப் பொருளில் ஒரு பகுதி. முக்காற்புள்ளி, வினாக்குறி போன்றவற்றையும் கோப்புப் பெயரில் தவிர்த்துவிடுங்கள். அவற்றைப் பொதுச் சேமிப்பகம் ஏற்பதில்லை.

ஆகவே, வேலையை வீட்டில் செய்து, விளைச்சலை வெளியே கொண்டுபோய் வையுங்கள். குறுநிரல், மெய்நிகர் சூழல், களஞ்சியம் மூன்றும் வீட்டு அடைவில். படங்களைப் பொதுச் சேமிப்பகத்திலிருந்து நேரடியாகவே டெசராக்ட் படிக்கட்டும், படிப்பதற்குத் தடையில்லை. மெய்ப்பு முடிந்த உரைகளை நாள்தோறும் 'ஆர்சிங்க்' மூலம் 'டாக்குமெண்ட்ஸ்' அடைவுக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். அதை வழக்கமான 'ஏ' தெரிவுடன் கொடுத்தால், உரிமைகளையும் இணைப்புகளையும் காப்பாற்ற முயன்று பிழைகளைக் கொட்டும். 'ஆர்', 'டி' என்ற இரு தெரிவுகள் போதும். சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது வீட்டு அடைவில் வேலை விரைவாக நடப்பதையும் காண்பீர்கள், அங்கே அந்த இடையடுக்கு இல்லை.

மறுமொழி 3

மேலே இருவர் சொன்னதும் சரியே. ஆனால் யாரும் கேட்காத ஒரு கேள்வியை நான் கேட்க வேண்டியிருக்கிறது: இந்த வேலைக்குச் சேமிப்பக அனுமதி உண்மையில் தேவைதானா?

அந்த அனுமதி டெசராக்டுக்கோ உங்கள் குறுநிரலுக்கோ கொடுக்கப்படுவதன்று, டெர்மக்ஸ் என்ற செயலி முழுமைக்கும் கொடுக்கப்படுவது. அதற்குள் நீங்கள் இயக்கும் ஒவ்வொரு நிரலும், இணையத்திலிருந்து எடுத்து ஒட்டும் ஒவ்வொரு கட்டளையும், பைத்தானின் தொகுப்பு நிறுவியான பிப் வழியாக நிறுவும் ஒவ்வொரு தொகுப்பும் அதே பயனர் எண்ணில் ஓடுகின்றன. அவை அனைத்தாலும் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் படிக்க முடியும், அழிக்கவும் முடியும். நீங்கள் களப்பணி செய்கிறவர். பாடல் சொன்ன முதியவர்களின் முகங்கள், வீடுகள், அவர்கள் நம்பிக் கொடுத்த தகவல்கள் உங்கள் கைபேசியில் இருக்கக்கூடும். அவை உங்களுடையவை மட்டும் அல்ல என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

அனுமதி இல்லாமலே கோப்புகளைக் கொண்டுவர வழி இருக்கிறது. டெர்மக்ஸ் தன் வீட்டு அடைவை ஆண்ட்ராய்டின் ஆவண அமைப்புக்குத் திறந்து காட்டுகிறது. கைபேசியோடு வரும் கோப்புகள் செயலியைத் திறந்து பக்கப் பட்டியலை இழுத்துப் பாருங்கள். உள்நினைவகம், அட்டை ஆகியவற்றோடு டெர்மக்ஸ் என்ற பெயரும் இருக்கும். (சில கைபேசிகளில் தயாரிப்பாளரின் கோப்பு மேலாளர் இதைக் காட்டாது. அப்போது ஆண்ட்ராய்டின் சொந்தக் கோப்புகள் செயலியைத் தேடித் திறக்க வேண்டும்.) கேமரா அடைவில் வேண்டிய படங்களை மட்டும் தேர்ந்து, நகலெடு என்பதைக் கொடுத்து, இலக்காக டெர்மக்ஸைக் காட்டினால், அவை வீட்டு அடைவுக்குள் வந்துவிடும். எந்தப் படங்கள் உள்ளே வர வேண்டும் என்பதை நீங்கள் கையால் தேர்கிறீர்கள், மற்றவை டெர்மக்ஸின் கண்ணில் படுவதே இல்லை. ஓரிரு படங்கள் மட்டும் என்றால், படத்தொகுப்பிலிருந்து 'பகிர்' என்பதை அழுத்தி டெர்மக்ஸைத் தேர்ந்தாலே வீட்டில் உள்ள 'டவுன்லோட்ஸ்' அடைவில் வந்து சேரும். உரையை வெளியே அனுப்ப 'டெர்மக்ஸ்-ஓப்பன்' கட்டளையைப் பயன்படுத்தலாம். இன்னும் எளிதாக, உங்கள் உரைத்திருத்தி ஆவண அமைப்பின் வழியே கோப்பைத் திறக்கக்கூடியதாக இருந்தால், வீட்டு அடைவில் இருக்கும் உரையை அங்கேயே திறந்து, மெய்ப்புத் திருத்தி, அங்கேயே சேமிக்கலாம்.

மறுமொழி 1

மேலே உள்ள நண்பரின் எச்சரிக்கை நியாயமானது. நான் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆயினும் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் படமெடுப்பவர் ஒவ்வொரு முறையும் கையால் தேர்ந்து நகலெடுப்பது களைப்பூட்டும் வேலை. அதோடு ஒவ்வொரு படமும் இரண்டு இடங்களில் இடத்தை அடைத்துக்கொள்ளும். களப்பணிப் படங்கள் இருக்கும் கைபேசியில் அவர் சொல்கிற வழியைக் கடைப்பிடியுங்கள். நூற்பக்கங்கள் மட்டுமே இருக்கும் கைபேசி என்றால் அனுமதி கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. தொகுதி தொகுதியாக வேலை செய்கிறவர், வேலை நாளில் அனுமதியைக் கொடுத்து, முடிந்ததும் அமைப்புகளில் மறுத்துவிடவும் செய்யலாம்.

நினைவக அட்டையைப் பற்றி யாரும் இன்னும் முழுமையாகச் சொல்லவில்லை. 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 முதல், அட்டையில் எங்கு வேண்டுமானாலும் எழுதும் உரிமை செயலிகளிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. டெர்மக்ஸ் அட்டையின் கோப்புகளைப் படிக்கும். எழுதுவதோ, அட்டையில் 'ஆண்ட்ராய்டு', 'டேட்டா', 'காம்.டெர்மக்ஸ்', 'ஃபைல்ஸ்' என்று போகும் தன் சொந்த அடைவில் மட்டும். 'ஸ்டோரேஜ்' அடைவில் 'எக்ஸ்டர்னல்-1' என்ற சுட்டி அங்குதான் போகிறது. இதை ஒரு காப்பிடமாக நினைத்துவிடாதீர்கள். அட்டையைக் கழற்றி வைக்க முடியும் என்பதால் அது பாதுகாப்பான இடம் என்று தோன்றும், ஆனால் அட்டை கைபேசியில் இருக்கும்போது டெர்மக்ஸை நீக்கினால் அந்த அடைவும் சேர்ந்தே அழியும். அட்டையின் மற்றப் பகுதியைப் படிப்பதற்கு அட்டையின் பெயர் தேவை: நான்கு குறிகள், ஒரு சிறுகோடு, மீண்டும் நான்கு குறிகள் என்று இருக்கும். அட்டைகள் இணைக்கப்படும் 'ஸ்டோரேஜ்' என்ற மேல் அடைவை (வீட்டு அடைவில் உள்ளதை அன்று) பட்டியலிட ஆண்ட்ராய்டு விடாது. ஆகவே 'எக்ஸ்டர்னல்-1' எங்கே சுட்டுகிறது என்பதை 'எல்எஸ்-எல்' கொண்டு பார்த்துப் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அட்டையில் வேறு அடைவுகளில் எழுதியே ஆக வேண்டும் என்றால், டெர்மக்ஸ்:ஏபிஐ துணைச்செயலியில் 'டெர்மக்ஸ்-சாஃப்' என்று தொடங்கும் கட்டளைகள் இருக்கின்றன. அவை ஓர் அடைவை உங்களைக் கொண்டே தேர்வுசெய்ய வைத்து, அந்த அடைவுக்கு மட்டும் உரிமை பெறும்.

முக்கியமானது காப்புப்பிரதி. 'ஹோம்', 'யூஎஸ்ஆர்' இரண்டையும் 'டார்' கட்டளையால் ஒரே பொதியாகக் கட்டி, அந்தப் பொதியைப் பொதுச் சேமிப்பகத்தில் வையுங்கள். பொதுச் சேமிப்பகத்திற்கு இணைப்புகளும் உரிமைக் குறிகளும் தெரியாது என்று மேலே சொல்லப்பட்டது. பொதிக்குள் அவை பத்திரமாக இருக்கும், வெளியிலிருந்து பார்க்கும்போது அது ஒரே ஒரு சாதாரணக் கோப்பு. 'டார்' சுட்டிகளைச் சுட்டிகளாகவே சேர்க்கும் என்பதால் வீட்டில் உள்ள 'ஸ்டோரேஜ்' அடைவைப் பற்றிக் கவலை வேண்டாம். சுட்டிகளைப் பின்தொடரும் தெரிவை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், கொடுத்தால் கைபேசியின் படங்கள் முழுவதும், கட்டிக்கொண்டிருக்கும் பொதியும்கூட, அதற்குள் நுழையப் பார்க்கும். டெர்மக்ஸோடு வரும் 'டெர்மக்ஸ்-பேக்கப்' என்ற கட்டளையை நம்பியும் இருந்துவிடாதீர்கள். அது நிறுவிய நிரல்களை மட்டுமே காக்கும், வீட்டு அடைவைத் தொடாது. உங்களுக்கு வேண்டியதோ வீட்டு அடைவுதான். பொதியை ஃபேட்-32 அட்டைக்கு நகர்த்துவதாக இருந்தால் ஒரு கோப்பின் அளவு 4 ஜிபிக்குள் இருக்க வேண்டும். கட்டி முடித்ததும் 'டார்' கட்டளையின் பட்டியலிடும் தெரிவால் ஒருமுறை உள்ளே பாருங்கள். கைபேசியையே தொழிற்சாலை நிலைக்கு மீட்டால் பொதுச் சேமிப்பகமும் அழியும் என்பதால், பொதியின் இன்னொரு நகல் கைபேசிக்கு வெளியே இருப்பது அவசியம்.

கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை முழுவதும் அமர்ந்து செய்து முடித்தேன். குறுநிரலையும் களஞ்சியத்தையும் வீட்டிற்கே கொண்டுவந்துவிட்டேன், மெய்நிகர் சூழல் முதல் முயற்சியிலேயே உருவானது. தோழியின் அட்டையில் இருந்த படங்களுக்கு எண்களைப் பெயராக வைத்து, முழுத் தலைப்புகளை அட்டவணையில் எழுதிவிட்டேன். களப்பணிப் படங்கள் இதே கைபேசியில்தான் இருக்கின்றன. முதியவர்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு மனம் உறுத்தியது. சேமிப்பக அனுமதியை மறுத்துவிட்டு, நூற்பக்கங்களைக் கோப்புகள் செயலியின் வழியே தேர்ந்து நகலெடுத்தேன். 212 படங்களை ஒரே தேர்வில் கொண்டுவர முடிந்தது, அஞ்சிய அளவுக்குக் களைப்பாக இல்லை. உரையாக்கம் முடிந்ததும் வீட்டிலுள்ள படங்களை அழித்துவிடுகிறேன், மூலம் கேமரா அடைவில் இருக்கிறது.

இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அனுமதி இல்லாத நிலையில் காப்புப் பொதியை நான் எங்கே வைப்பது? டெர்மக்ஸ்:ஏபிஐ செயலியைக் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்திலிருந்து எடுத்து நிறுவ முயன்றேன், நிறுவ மறுக்கிறது. டெர்மக்ஸை நீக்கிவிட்டு நிறுவச் சொல்லி ஓரிடத்தில் படித்தேன். நல்லவேளையாக அப்படிச் செய்யவில்லை.

மறுமொழி 2

செய்யாதது நல்லது. டெர்மக்ஸும் அதன் துணைச்செயலிகளும் ஒரே பயனர் எண்ணைப் பகிர்ந்துகொள்பவை. அவ்வாறு பகிர வேண்டுமானால் எல்லாவற்றிலும் ஒரே கையொப்பம் இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் விதி. எஃப்-டிராய்டு ஒரு சாவியாலும், கிட்ஹப் வெளியீடு மற்றொரு சாவியாலும் கையொப்பமிடப்படுகின்றன. உங்கள் டெர்மக்ஸ் எஃப்-டிராய்டிலிருந்து வந்தது, ஆகவே துணைச்செயலியையும் அங்கிருந்தே எடுங்கள். அதன் பிறகு முனையத்தில் 'டெர்மக்ஸ்-ஏபிஐ' என்ற தொகுப்பையும் நிறுவ வேண்டும், செயலி மட்டும் இருந்தால் கட்டளைகள் கிடைக்காது.

கூகுள் பிளேயிலிருந்து எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்கத் தோன்றும், அதற்கும் இப்போதே விடை சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டு 10-ஐ இலக்காகக் கொண்ட செயலிகள், தாம் எழுதக்கூடிய சொந்த அடைவிலிருந்து நிரல்களை இயக்க முடியாது. டெர்மக்ஸின் அடிப்படையே அப்படி இயக்குவதுதான். ஆகவே எஃப்-டிராய்டு, கிட்ஹப் வெளியீடுகள் ஆண்ட்ராய்டு 9-க்குரிய 28 என்ற இலக்கு எண்ணிலேயே நிற்கின்றன. 2020 நவம்பரிலிருந்து பிளேயில் புதுப்பிப்புகளுக்கு ஆண்ட்ராய்டு 10-க்குரிய 29 என்ற இலக்கு எண் கட்டாயமாக்கப்பட்டதால், அங்கே நெடுங்காலம் புதுப்பிப்பு வராமல் இருந்தது. பின்னர் அங்கே வந்த வெளியீடு தனியாக அமைக்கப்பட்டது, அதையும் இதையும் கலக்க முடியாது. சேமிப்பகத்தைப் பொறுத்தவரை இந்தப் பழைய இலக்கு எண்ணால் நமக்கு ஒரு நன்மையும் உண்டு: ஆண்ட்ராய்டு 11-இன் புதிய சேமிப்பகக் கட்டுப்பாடுகள் முழுமையாக நம்மீது விழுவதில்லை, பழைய ஒற்றை அனுமதியே பொதுச் சேமிப்பகத்துக்குப் போதுமானதாக இருக்கிறது. மற்றச் செயலிகளின் 'ஆண்ட்ராய்டு', 'டேட்டா' அடைவுகள் மட்டும் மூடியே இருக்கும்.

பொதியைப் பற்றி: வீட்டு அடைவிலேயே கட்டினால், அந்தப் பொதியையே பொதிக்குள் சேர்க்காதபடி விலக்கும் தெரிவைக் கொடுத்துவிட்டு, முடிந்ததும் கோப்புகள் செயலியைத் திறந்து டெர்மக்ஸிலிருந்து அட்டைக்கு நகர்த்துங்கள். நீங்கள் படங்களைக் கொண்டுவந்த அதே வழிதான், திசை மட்டும் மாறுகிறது. கோப்புகள் செயலிக்கு அட்டையில் எங்கும் எழுத உரிமை உண்டு என்பதால், 'காம்.டெர்மக்ஸ்' அடைவுக்கு வெளியே, உங்களுக்கு வேண்டிய பெயரில் ஓர் அடைவை உருவாக்கி அதில் வைக்கலாம். பிறகு அட்டையைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள்.

கேட்டவர்

நிறுவிவிட்டேன் ஐயா. எஃப்-டிராய்டிலிருந்து எடுத்த துணைச்செயலி உடனே ஏற்றுக்கொண்டது. பொதியும் 1.3 ஜிபி அளவில் அட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. பட்டியலிட்டுப் பார்த்தபோது உரைகள் அனைத்தும் அதில் இருந்தன. ஞாயிறுதோறும் புதிய பொதி கட்டுவதாகவும், முந்தைய இரண்டு பொதிகளை வைத்துக்கொண்டு அதற்கு முந்தையதை அழிப்பதாகவும் முறை வைத்திருக்கிறேன். அட்டை இப்போது என் அறைத்தோழியின் பெட்டியில் இருக்கிறது.